ஆயர் தெவால்ஸும் பஹாவ் குடியேற்றமும்: பினாங்கிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

1945 ஜனவரி 17ஆம் தேதி, மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் தெவால்ஸ் செரம்பான் மருத்துவமனையில் இறந்தார். வயது 62. காடு திருத்திய நிலத்தில் வேலை செய்யும்போது காலில் பட்ட காயம்தான் தொடக்கம். ஏற்கெனவே சர்க்கரை நோயாளி. காயம் ஆறவில்லை, புரையோடியது. மருந்து எங்கும் கிடைக்காத ஜப்பான் காலம். மலாயா முழுவதற்கும் சிங்கப்பூருக்கும் பொறுப்பான ஒரு மேற்றிராணியார், நெகிரி செம்பிலானின் உள்காட்டில் தன் மக்களோடு சேர்ந்து மண் கொத்தப் போய் உயிரை விட்டார்.

ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் மக்களைப் பஹாவ் என்ற அந்த உள்காட்டுப் பகுதிக்கு அனுப்பிப் பயிர் செய்யவைத்தார்கள். பஹாவ் குடியேற்றம் என்று வரலாற்றில் பேர் பெற்ற அந்த நிகழ்வின் ஒரு பகுதி இது. சிங்கப்பூரின் யுரேசியர்களும் (ஐரோப்பிய–ஆசியக் கலப்பு வம்சத்தவர்) சீனக் கத்தோலிக்கர்களும் இதை இன்றும் மறக்கவில்லை. அவர்களில் பல குடும்பங்கள் அங்கே ஒருவரையாவது புதைத்துவிட்டு வந்தவை. பினாங்கில் நம் தமிழ்க் கத்தோலிக்கர்களிடம் கேட்டால் தெவால்ஸ் என்ற பேரே பலருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஏனென்றால் அவர் பினாங்கில் தமிழ் கற்றவர், பினாங்கு சாலையில் இருக்கும் புனித சவேரியார் கோவிலில் தமிழர்களுக்குப் பூசை வைத்தவர். ஆயராவதற்கு முன் அவர் நம்ம சாமியார்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதுதான்: 1943இல் அவர் எடுத்த முடிவு போர்க்காலத்தில் திடீரென்று முளைத்ததல்ல. கிறிஸ்தவக் குடும்பங்களைக் கூட்டிப்போய், காட்டைத் திருத்தி, கோவிலை நடுவில் வைத்து ஒரு கிராமம் கட்டலாம் என்ற எண்ணம் பினாங்குத் தமிழ் மிஷனில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செயலுக்கு வந்து, பலித்தும் இருந்தது. அங்கே பலித்தது பஹாவில் ஏன் பலிக்கவில்லை என்று பார்த்தால்தான் அந்த மனிதரை நியாயமாக எடைபோட முடியும்.

மொழிக்கு ஒரு கோவில்

தெவால்ஸ் 1882இல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்தவர். 1906இல் குருப்பட்டம் பெற்றுக் கப்பலேறினார். அந்தச் சபையின் வழக்கப்படி, புதிதாக வரும் இளம் சாமியாருக்கு ஒரு மக்கள் கூட்டமும் ஒரு மொழியும் ஒதுக்கப்படும். சீனர்களிடம் போகிறவர் சீனம் படிப்பார், இந்தியர்களிடம் போகிறவர் தமிழ் படிப்பார். தெவால்ஸுக்கு வாய்த்தது தமிழ்.

அன்றைய ஜார்ஜ் டவுனைப் பார்த்தால் இந்த ஏற்பாடு கண்ணுக்கே தெரியும். ஃபார்குவார் தெருவில் விண்ணேற்பு அன்னை கோவில் ஐரோப்பியர்களுக்கும் யுரேசியர்களுக்கும். புலாவ் திக்குஸ் அமல உற்பவ மாதா கோவில், பூக்கெட் பக்கமிருந்து வந்த யுரேசியக் குடும்பங்களோடு வளர்ந்தது. மெக்கலிஸ்டர் சாலையில் வியாகுல மாதா கோவில் சீனர்களுக்கு. சவேரியார் கோவில் நமக்கு. ஒரே ஊரில் ஒரே விசுவாசத்துக்கு நான்கு வாசல்கள். இதைப் பிரிவினை என்று இன்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் தன் பாவத்தைத் தன் மொழியில் சொல்ல முடிந்தது என்றால், அதற்குக் காரணம் அந்தத் தனி வாசல்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே பாரிஸ் சபைதான் 1776 முதல் புதுச்சேரி மிஷனையும் பார்த்துக்கொண்டது. அந்த மிஷனின் முசே, துப்புய் என்ற இரண்டு சாமியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855இல் வெளிவரத் தொடங்கியது. ஆகவே நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய ஒரு தமிழ்க் கத்தோலிக்கர் இங்கே பார்த்த வெள்ளைக்காரச் சாமியார், அவர் ஊர்ப்பக்கம் இருந்த சாமியார்களின் சபைக்காரராகவே இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கரையிலும் ஒரே தொடர்பு. நம் முன்னோர் இங்கே அனாதையாக இறங்கவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

சூசைப்பாளையம்

இந்தத் தமிழ் மிஷனின் பெரிய சாதனை பினாங்குத் தீவில் இல்லை. எதிர்க்கரையில், வடக்குப் பேராக்கின் கிரியான் பகுதியில் இருக்கிறது. ரெனே ஃபே என்ற பிரெஞ்சுச் சாமியார், இவரும் தமிழர்களிடையே பணியாற்றியவர், 1882இல் பாகான் செராய் அருகே சூசைப்பாளையம் என்ற குடியேற்றத்தைத் தொடங்கினார். தென்னிந்தியாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அங்கே காட்டையும் சதுப்பையும் திருத்தி நெல் விளைவித்தார்கள். இந்த ஃபே 1896இல் மலாக்கா ஆயரானார். 1904இல் பாரிஸில் இறந்தார். அவருக்குப் பின் எமில் பாரியோன் 1933 வரை ஆயர். அவருக்கு அடுத்தவர் தெவால்ஸ்.

சூசைப்பாளையம் ஏன் நிலைத்தது? வேதம் நிலைக்க வைத்தது என்று கோவில் மேடையில் சொல்வார்கள். விசுவாசம் ஆட்களைச் சேர்த்து வைத்தது, உண்மை. ஆனால் நெல் விளைந்ததற்கு வேறு காரணங்கள் இருந்தன. வந்தவர்கள் விவசாயிகள், நாற்று நடத் தெரிந்தவர்கள், வரப்பு கட்டத் தெரிந்தவர்கள். கிரியான் தட்டையான கடலோரச் சதுப்பு. நெல்லுக்கென்றே அமைந்த மண். பேராக் அரசாங்கத்துக்கும் அங்கே நெல் விளைய வேண்டும் என்ற ஆசை இருந்தது. 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்தபோது அந்த வட்டாரமே மலாயாவின் நெற்களஞ்சியங்களில் ஒன்றாயிற்று. பக்கத்திலேயே புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்கள். அங்கிருந்து கூலி வேலையை விட்டு வெளியேற நினைத்த தமிழருக்குச் சொந்தமாக ஒரு காணி நிலம் என்பது சாதாரணக் கனவா?

தெவால்ஸ் பினாங்கில் பணிசெய்த காலத்தில் சூசைப்பாளையம் இரண்டாம் தலைமுறையைப் பார்த்துவிட்டது. தமிழ் மிஷனில் இருக்கும் ஒருவருக்கு அது பாடப்புத்தகத்தில் படித்த கதையாக இருந்திருக்காது. கண்ணால் பார்க்கக்கூடிய ஊர். இது என் ஊகம்தான், ஆனாலும் நான் உறுதியாக நம்பும் ஊகம்: பஹாவுக்குச் சம்மதித்தபோது அவர் மனதில் இருந்த படம் இதுவே.

ஆயராக

1933இல் நியமனம், 1934இல் அபிஷேகம். மலாக்கா மறைமாவட்டம் 1888 முதல் தீபகற்பம் முழுவதையும் சிங்கப்பூரையும் அடக்கியது. ஆயர் தங்கியது சிங்கப்பூரில். பினாங்குத் தமிழ்ப் பங்கிலிருந்து போன ஒருவர், பெர்லிஸ் முதல் சிங்கப்பூர் வரை எல்லா இனத்தவருக்கும் தலைமை மேய்ப்பரானார்.

அவர் வேகமான ஆள். 1935 ஜனவரியிலேயே ‘மலாயா கத்தோலிக் லீடர்’ என்ற வாரப் பத்திரிகை வெளிவந்தது. அதே ஆண்டு, ஆதரவற்ற முதியோரைப் பராமரிக்கும் ஏழைகளின் சிறு சகோதரிகள் சபை சிங்கப்பூருக்கு வந்தது. 1938இல் கார்மேல் மடம், 1939இல் நல்லாயன் சபைக் கன்னியர். பொதுநிலையினரைச் சேர்த்து இயங்கும் கத்தோலிக்கச் செயல் இயக்கத்துக்கும் ஊக்கம் கொடுத்தார். கோவில் கட்டடங்களை எழுப்புவதைவிட ஆட்களையும் அமைப்புகளையும் கொண்டுவருவதில்தான் இவருக்கு அக்கறை அதிகம். பஹாவைப் புரிந்துகொள்ள இந்தச் சுபாவம் முக்கியம். ஒரு குறை கண்ணில் பட்டால் குழு போட்டுப் பேசிக்கொண்டிருக்காமல், உடனே ஆள் திரட்டுகிற மனிதர்.

1943: யார் கேட்டார்கள், ஏன் சம்மதித்தார்

1941 டிசம்பர் 11ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ஜார்ஜ் டவுன்மேல் குண்டு போட்டன. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. அடுத்த சில வாரங்களில் சூக் சிங் என்ற பேரில் ஆயிரக்கணக்கான சீனர்கள் கொல்லப்பட்டார்கள். மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 5 கோடி டாலர் காணிக்கை கேட்டு வாங்கப்பட்டது. யுரேசியர்கள் வெள்ளையருக்கு வேண்டியவர்கள் என்று சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்கள். பிரெஞ்சுக்காரர் என்பதால் தெவால்ஸ், பிரிட்டிஷ்காரர்களைப் போலச் சிறைமுகாமுக்கு அனுப்பப்படவில்லை.

1943 நடுவில் அரிசி தட்டுப்பாடு கழுத்தை நெரித்தது. பர்மா, சயாம் அரிசியை நம்பி வாழ்ந்த ஊர் சிங்கப்பூர். கப்பல்கள் இல்லை, இருந்தவையும் போருக்குப் போய்விட்டன. வாயைக் குறைக்க வேண்டும் என்று ஜப்பானியர் முடிவெடுத்தார்கள். நகரத்திலிருந்து லட்சக்கணக்கில் ஆட்களை வெளியே அனுப்பும் திட்டம். நல்வாழ்வுத் துறையைக் கவனித்த மமோரு ஷினோசாகி என்ற அதிகாரி இதை முன்னின்று நடத்தினார். சீனர்களுக்கு ஜொகூரில் எண்டாவ். யுரேசியர்களுக்கும் சீனக் கத்தோலிக்கர்களுக்கும் பஹாவ். ஜப்பானியர் அதற்கு வைத்த பேர் ஃபூஜி கோ. தலைமை தாங்க ஆயரைக் கேட்டார்கள்.

மறுத்திருக்கலாமே என்று இன்று கேட்பது சுலபம். நான் அந்த இடத்தில் வைத்துப் பார்க்கிறேன். நகரத்தில் பிள்ளைகள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கிக் கிடக்கிறார்கள். ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்த்தாய் எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டும் என்று தெரியாது. குடியேற்றத்துக்குள் ராணுவம் தலையிடாது, நிர்வாகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு அதிகாரி வாக்குக் கொடுக்கிறார். போகாவிட்டால் கட்டாயப்படுத்தி எங்கேயாவது அனுப்புவார்கள் என்ற பயமும் கூடவே இருக்கிறது. சோறும் பாதுகாப்பும் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று சொன்னால், மேய்ப்பராக இருக்கும் ஒருவர் எத்தனை நாள் ‘இல்லை’ என்று சொல்வார்?

1943 டிசம்பர் கடைசியில் முதல் கூட்டம் கிளம்பியது. பிறகு குடும்பங்கள், குருக்கள், கன்னியர், பள்ளி நடத்திய துறவறச் சகோதரர்கள். மொத்தம் மூவாயிரம் பேர் வரை போயிருக்கிறார்கள். தெவால்ஸ் ஆண்டகை சிங்கப்பூரில் உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை; அவரும் போனார், அத்தாப்புக் கூரையின் கீழ் தங்கினார், கொத்தினார்.

நிலமும் கொசுவும்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பஹாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் “மலேரியாவால் மடிந்தார்கள்” என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். ஏன் மலேரியா, ஏன் அவ்வளவு?

மலாயாவில் மலேரியாவைப் பற்றி அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவான அறிவு இருந்தது. டாக்டர் மால்கம் வாட்சன் 1901இல் கிள்ளானில் வேலையைத் தொடங்கி, ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கண்டார். கடலோரத் தட்டை நிலத்தில் மலேரியா பரப்பும் கொசு, காட்டு நிழலில் தேங்கும் தண்ணீரில் வளர்வது. அங்கே காட்டை வெட்டி, வாய்க்கால் எடுத்து, வெயில் விழவைத்தால் கொசு குறையும், காய்ச்சலும் குறையும். மேடும் பள்ளமுமான உள்நாட்டில் கதை தலைகீழ். அங்குள்ள கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். காடு நிற்கும்வரை ஓடை நிழலில் இருக்கும், கொசு அதிகம் இராது. மரத்தை வெட்டிய மறுமாதம் ஓடைமேல் வெயில் விழும்; கூழாங்கல் தெரியும் அந்தச் சுத்தமான தண்ணீரின் ஓரத்தில், புல் நுனி தண்ணீரைத் தொடும் இடத்தில், முட்டை பொரியத் தொடங்கும். பார்ப்பவருக்கு அது குடிக்கலாம் போலிருக்கும் நல்ல தண்ணீர். இப்படிப்பட்ட இடங்களில் ஓடையைக் குழாய்க்குள் மூட வேண்டும், அல்லது வாரந்தோறும் எண்ணெய் தெளிக்க வேண்டும். ரப்பர் தோட்டங்களில் எண்ணெய் தெளிப்பவர்கள் தினமும் கேனைச் சுமந்து திரிந்தது இதற்குத்தான். நம் பாட்டன்மார் பலர் செய்த வேலை அது.

கிரியான் முதல் வகை நிலம். பஹாவ் இரண்டாம் வகை. கிரியானில் காட்டை வெட்ட வெட்ட ஊர் வாழக்கூடியதாக மாறியது. பஹாவில் அதே உழைப்பு, அதே வெட்டு, காய்ச்சலை வளர்த்திருக்கும். போரில் எண்ணெய் இல்லை, குழாய் இல்லை. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரையும் இல்லை. உலகத்துக் கொய்னாவில் பத்தில் ஒன்பது பங்கு ஜாவாவில் விளைந்தது, ஜாவா 1942 முதல் ஜப்பானியர் கையில், வந்தது ராணுவத்துக்கு. எவ்வளவு கொடுமை பாருங்கள்: மருந்து விளையும் தீவு பக்கத்திலேயே இருக்க, ஜனங்கள் மாத்திரை இல்லாமல் செத்தார்கள்.

மண்ணும் கைகொடுக்கவில்லை. நெல்லுக்குத் தேவையான தண்ணீர் நிற்காத இடம் அது. போனவர்களில் பலர் குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், வியாபாரிகள். பேனா பிடித்த கை. நாற்றுக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரிய ஒரு போகமாவது வேண்டும். அவர்களுக்கு அந்தப் போகம் கிடைக்கும் முன்பே காய்ச்சல் வந்துவிட்டது.

இறந்தவர்களின் எண்ணிக்கையை 300 என்று சொல்பவர்களும் உண்டு, 1,500 வரை போகிறவர்களும் உண்டு. குறைந்த கணக்கை எடுத்துக்கொண்டாலும் பத்தில் ஒருவர். ஒப்பிட்டுச் சொன்னால் எண்டாவ் எவ்வளவோ தேவலை. நிலம் நல்லது, விளைச்சலும் இருந்தது. அங்கே வேறு ஆபத்து: காட்டுக்குள் இருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினர் குடியேற்றத் தலைவர்களைத் தாக்கினார்கள். பஹாவில் துப்பாக்கி வரவில்லை. கொசுவே போதுமானதாக இருந்தது.

அந்த நேரத்தில் தமிழர்கள்

எங்கள் பங்கில் ஒரு பெரியவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார்: “ஏம்ப்பா, தமிழ் படிச்ச சாமியாருன்னு சொல்றே. நம்ம ஆளுங்கள சயாமுக்குப் புடிச்சிட்டுப் போனப்ப அவரு எங்க இருந்தாரு?”

நியாயமான கேள்வி. ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட சயாம் மரண ரயில் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள், ஏராளமானவர்கள் திரும்பவில்லை. அதே காலத்தில் பினாங்கில் வழக்கறிஞர் என். ராகவன் தலைமையில் சுயராஜ்யக் கல்விக்கூடம் நடந்தது. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். படித்த தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துகொண்டிருந்தார்கள். இந்தியர்களை ஜப்பானியர் வைத்திருந்த தட்டு வேறு, சீனர்களையும் யுரேசியர்களையும் வைத்திருந்த தட்டு வேறு. பஹாவ் என்ற திட்டமே இந்தியர்களுக்காகப் போடப்பட்டதல்ல. தோட்டத்துக் கங்காணியையும் துரையையும் தாண்டி, ஜப்பானியர் லாரியை நிறுத்தும் பலம் எந்த ஆயருக்கும் இருக்கவில்லை.

பெரியவருக்கு இது முழுச் சமாதானமாகவில்லை. எனக்கும்தான். தமிழ் மொழியால் மேய்ப்பரானவர், தமிழர்களுக்கு மிகப் பெரிய சாவு நடந்த ஆண்டுகளில் வேறு மந்தையோடு வேறு காட்டில் இருந்தார். அது அவர் தேர்ந்தெடுத்த விலகல் அல்ல. காலம் அவரை நிறுத்திய இடம். ஆனாலும் அந்த இடைவெளியால்தான் நம் வீடுகளில் அவர் பேர் நிலைக்கவில்லை என்று நினைக்கிறேன். யார் கூட இருந்து செத்தாரோ அவர்களே ஒருவரை ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

எடைபோட்டால்

தெவால்ஸ் செய்ததில் தவறு எங்கே என்று கேட்டால், நான் இடத்தைச் சொல்வேன். நிலத்தைத் தேர்ந்தெடுத்தது அதிகாரிகள். ஆனால் அந்த நிலம் எந்த வகை என்று சொல்லக்கூடிய தோட்ட அனுபவமுள்ளவர்களும் மலேரியா தெரிந்த டாக்டர்களும் நாட்டில் இருந்தார்கள். அவர்களின் பேச்சு போதுமான கனத்தோடு கேட்கப்பட்டிருந்தால் வேறு இடம் கேட்டிருக்கலாம். கிடைத்திருக்குமா என்பது அடுத்த விஷயம். சூசைப்பாளையம் தந்த நம்பிக்கை, சூசைப்பாளையத்தின் தண்ணீரையும் விவசாயிகளையும் விட்டுவிட்டுத் தனியாகப் பஹாவுக்கு வந்துவிட்டது.

சரியாகச் செய்தது என்றால், அவர் போனது. ஜனங்களை அனுப்பிவிட்டு ஆயர் மாளிகையில் இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறைமாவட்ட நிர்வாகம் என்ற காரணம் கையில் இருந்தது. அவர் போனதால் குருக்களும் கன்னியரும் கூடப் போனார்கள். இவர்கள் மட்டும் இல்லாவிட்டால் நோயாளிகளைத் தூக்கவும் செத்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்யவும் அங்கே ஆள் இருந்திருக்காது. சர்க்கரை நோயோடு, அறுபதைத் தாண்டிய வயதில், தினமும் வெறும் மண்ணில் நின்றவர் அவர்.

1945 செப்டம்பரில் ஜப்பானியர் போன பிறகு மிஞ்சியவர்கள் சிங்கப்பூர் திரும்பினார்கள். ஆயர் இருக்கை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் காலியாகக் கிடந்து, 1947இல் மிஷல் ஒல்சொமெந்தி ஆயரானார். 1955இல் பினாங்கும் கோலாலம்பூரும் தனி மறைமாவட்டங்களாயின. பினாங்குக்கு பிரான்சிஸ் சான், கோலாலம்பூருக்கு டொமினிக் வெந்தார்கன். தெவால்ஸ் அபிஷேகம் பெற்ற அதே 1934இல் குருப்பட்டம் பெற்றவர் வெந்தார்கன்; சான், வெந்தார்கன் இருவருமே புலாவ் திக்குஸில் இருந்த காலேஜ் ஜெனரல் குருமடத்தில் படித்தவர்கள். சூசைப்பாளையத்தில் இன்றும் தமிழ்ப் பூசை நடக்கிறது.